களிச்சட்டிக்குள் முட்டை

ஒரே ஒரு தீவிலே, கடல் நடுவே இருக்கும் ஹவாய்த் தீவிலே, சேம்பு வயலோரம் ஒரு காட்டுவாத்து இருந்ததாம். அதன் பெயர் ஹோக்கு.

ஒருநாள் காலையில் ஹோக்கு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், கூடு காலி! அடைகாத்துவந்த ஒரே முட்டையைக் காணோம்!

"ஐயோ, என் முட்டை!"

அலறல் கேட்டுப் பன்றி ஓடிவந்தது. மைனா பறந்துவந்தது.

"மண்ணுல கால்தடத்தைப் பார்த்தீங்களா அக்கா? எவ்வளவு நீள நகம்! கீரியேதான்!" என்றது மைனா.

அந்தக் கீரி எப்போதோ கப்பலில் வந்து இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. மூன்றும் அதன் வளைக்குப் போயின.

கீரி எட்டிப் பார்த்தது. சட்டென்று உள்ளே மறைந்தது. சற்று நேரம் கழித்து ஒரு மரச்சட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்து, மூடியைத் திறந்தது. சட்டி நிறைய ஊதாநிறக் களி! அப்போதுதான் சேப்பங்கிழங்கை அவித்து இடித்தது; இளஞ்சூடு இன்னும் ஆறவில்லை.

போயி என்னும் இந்தக் களிதான் அந்தத் தீவில் சோறு. சேம்பை எல்லோருக்கும் மூத்த அண்ணன் என்பார்கள். அண்ணன் முன்னால் சண்டை போடலாமா? அதனால் களிச்சட்டி திறந்திருக்கும்வரை யாரும் கடுஞ்சொல் பேச மாட்டார்கள். அது அங்கே வழக்கம்.

"சட்டி திறந்திருக்கு!" என்று இளித்தது கீரி. "என்ன விஷயம் அக்கா? இனிமையா பேசுங்க!"

ஹோக்கு திகைத்துப் போனது. திட்ட வந்ததைத் திட்ட முடியவில்லை. அண்ணன் முதுகுக்குப் பின்னால் இப்படியும் ஒளிவார்களா!

மைனா வளைக்குள் புகுந்து தேடியது. ஒன்றும் இல்லை.

'சட்டி காலியானால் மூடித்தானே ஆக வேண்டும்? அப்புறம் கேட்கிறேன்' என்று நினைத்தது ஹோக்கு. "எங்களுக்குச் சாப்பாடு கிடையாதா தம்பி?" என்றது.

கீரி பதறியது. "இப்பவா? இன்னும் புளிக்கலையே! நாளைக்கு வாங்க, ருசியா இருக்கும்!"

"எனக்குப் புதுக்களிதான் பிடிக்கும். தொட்டுக்கக் கடல்பாசி இருக்கா?" என்று சம்மணமிட்டு உட்கார்ந்தது பன்றி.

மனிதர்கள் விரலால் வழித்துச் சாப்பிடுவார்கள். பன்றிக்கு விரல் ஏது? மூக்காலேயே வழித்தது.

"போதும் மாமா! வயிறு வலிக்கும்!"

"வலிச்சா என் வயிறுதானேப்பா!"

பாதிச் சட்டி போய்விட்டது. கீரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. குதித்தது. கடைசியில் கத்தியே விட்டது.

"ஏய் தின்னிப்பன்றி! எடுடா மூக்கை!"

எல்லோரும் அதிர்ந்தார்கள். திறந்த சட்டிக்கு முன்னால் கடுஞ்சொல்! அதுவும் சட்டிக்குச் சொந்தக்காரன் வாயிலிருந்தே!

பன்றி பயந்துபோய் மூக்கை எடுத்தது. கூடவே வெள்ளையாக ஏதோ எழும்பியது.

முட்டை!

அண்ணனுக்குள்ளேயா ஒளித்துவைத்தான்! ஹோக்கு மெல்ல முட்டையில் காது வைத்துக் கேட்டது. களியின் சூட்டில் முட்டை ஆறவில்லை. உள்ளே டொக் டொக் என்று சத்தம்!

கீரி கண்களை இறுக மூடிக்கொண்டு ஏச்சுக்குக் காத்திருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சட்டிதான் திறந்திருக்கிறதே!

"திட்டவாவது செய்யுங்களேன்!" என்று கெஞ்சியது கீரி.

"சாப்பாட்டுக்கு நன்றி தம்பி," என்றது ஹோக்கு. அவ்வளவுதான்.

முட்டையைச் சேம்பிலையில் உருட்டிவைத்தது. பன்றி இலையைப் பூப்போலக் கவ்விக்கொண்டு நடந்தது. மைனா பறந்தது. ஹோக்கு திரும்பியே பார்க்கவில்லை. அந்தத் தீவில் இனித் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட யாரும் வரமாட்டார்கள் என்று கீரிக்குப் புரிந்தது. சட்டியை மூடக்கூட மனமில்லாமல், அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வளைக்குள் போய் முடங்கியது.

நல்ல வழக்கத்தைத் திருட்டுக்குத் திரையாக்கினால், அந்த வழக்கமே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.