கோச்சின் முதுகு

"டீச்சர், சோறே இறங்க மாட்டேங்குது," என்றார் செலஸ்டின்.

மீன் ஏலம் கூறுகிறவர். ஐம்பது வயது. கரையில் நின்று அவர் விலை சொன்னால் கடலில் நிற்கிற வள்ளத்துக்குக் கேட்கும். அன்று அந்தக் குரலே நடுங்கியது.

மெற்றில்டா டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். குரு என்று அவருக்கு யாரும் பட்டம் கட்டவில்லை. ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் அவர் கோடு போடுகிற நேரம் பார்த்துத்தான் வந்து நின்றார்கள்.

"என்னவாம்?"

"இன்னைக்குத் தோத்தா கீழ்ப் பிரிவுக்கு இறங்கிருவோம். பயக்க எல்லாம் வேற டீமுக்குப் போயிருவானுவ. நம்ம ஃபுட்பால் கிளப்பையே பூட்ட வேண்டியதுதான். எனக்குப் பயமா இருக்கு டீச்சர். எல்லாம் அந்த கோச் வின்ஸ்லாஸால."

"அவர் என்ன செய்தார்?"

"நம்ம ஒரு கோல் கூட இருக்கும்போதே, நல்லா கோல் அடிக்கிற பையன வெளிய எடுக்கான். தடுக்கதுக்குப் பின்னால ஆள நிறுத்துகான். எதிர் டீம்காரனுவ ஏறி வந்து ரெண்டு அடிச்சிட்டுப் போறானுவ. ஆறு மேட்ச்சா இதே கூத்து."

"அப்ப நீங்க எங்க நிப்பீங்க?"

"அவனுக்கு நேர் பின்னால."

"சும்மாவா?"

செலஸ்டின் கொஞ்சம் நெளிந்தார்.

"கோல் மட்டும் விட்டுப் பாரு, ஏலக்கூடத்தத் தாண்டி வீடு போய்ச் சேர மாட்டன்னு கத்துவேன். ஒரு உற்சாகத்துக்குத்தான்."

"அவருக்குப் பயமா இருக்காதா?"

"அவனுக்கா? கல்லு மாதிரில்லா நிக்கான்."

"முகத்தப் பாத்திருக்கீங்களா?"

"முதுகத்தான் பாத்திருக்கேன்."

டீச்சர் சுண்ணாம்பு வாளியை அவர் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு எதிர்ப் பக்கம் என்கூட நில்லுங்க அண்ணே. பந்தப் பாக்காதீங்க. அவரப் பாருங்க."

ஆட்டம் தொடங்கியது.

பந்தைப் பார்க்காமல் நிற்பது செலஸ்டினுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஊரே எழும்பிக் கத்தியபோதுதான் தங்கள் அணி கோல் போட்டது அவருக்குத் தெரிந்தது.

எதிரே வின்ஸ்லாஸ் சிரிக்கவில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு திரும்பிப் பின்னால் பார்த்தார்.

செலஸ்டின் வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது.

வின்ஸ்லாஸின் முகம் வெளுத்தது. இடப் பக்கம் பார்த்தார். வலப் பக்கம் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பின்னால் பார்த்தார்.

"யாரத் தேடுறாரு?" என்றார் டீச்சர்.

"என்னத்தான்," என்றார் செலஸ்டின்.

எழுபதாவது நிமிடம். வின்ஸ்லாஸ் பெஞ்சில் இருந்த தடுப்பாட்டக்காரனை எழுப்பினார். நன்றாக அடிக்கிற பையனை வெளியே அழைக்கக் கையைத் தூக்கினார்.

"எடுக்காத!"

வாய்வரை வந்துவிட்டது. செலஸ்டின் வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து வின்ஸ்லாஸின் கண் மைதானத்தைத் தாண்டி வந்து அவரைக் கண்டுபிடித்தது. திறந்த வாயைக் கண்டதும் அந்த மனிதர் இரண்டடி பின்னால் போய்ப் பெஞ்சில் இடித்துக்கொண்டார்.

செலஸ்டின் சுண்ணாம்புக் கையால் வாயைப் பொத்தினார். உதடு எரிந்தது. கையை எடுக்கவில்லை.

வின்ஸ்லாஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தல் வரவில்லை. தூக்கிய கை மெல்ல இறங்கியது. எழும்பிய ஆட்டக்காரன் திரும்பவும் உட்கார்ந்தான்.

இன்னும் இருபது நிமிடம் இருந்தது. எதிரணி ஏறி வருகிற சத்தம் கேட்டது. செலஸ்டின் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"டீச்சர்," என்றார் கைக்குள்ளிருந்தே. "தோத்தாலும் சரி, முடிஞ்சதும் நான் அவரு கூட வீடு வரைக்கும் நடக்கட்டா?"

"அவருட்டக் கேளுங்க," என்றார் டீச்சர். "ஆனா பின்னால இருந்து கூப்பிட்டுராதீங்க."