சேந்தன் கேட்காத காற்று

காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள் மக்களே. கடலுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலத்தில், தென்கரையில் சேந்தன் என்றொரு மீனவன் இருந்தான். கெட்டிக்கார வலைக்காரன். ஆனால் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன்.

ஒருமுறை பாய் தைக்கக் கரை ஒதுங்கிய கப்பல்காரர்கள் ஒரு சேதி சொன்னார்கள். தெற்கே நடுக்கடலில் தென்னை மண்டிய தீவுகள் உண்டாம், மனிதவாடையே இல்லையாம், மீன் மட்டும் கொள்ளை கொள்ளையாம். அவ்வளவுதான், சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. படுத்தவன் எழுந்துபோய்ப் படகைத் தடவுவான். வலையை மடிப்பான், பிரிப்பான், மறுபடி மடிப்பான்.

அவன் மனைவி நப்பாலை அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

"புள்ள பொறக்கறப்ப நீ பக்கத்துல இருக்கணும் மச்சான். நான் கேக்கறது அது ஒண்ணுதான்."

"மீனை அள்ளிப் போட்டுக்கிட்டு வர எம்புட்டு நேரமாகும்? அதுக்குள்ள வாசல்ல வந்து நிப்பேன் பாரு" என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

அவனும் ஒன்றும் யோசிக்காதவன் இல்லை. கப்பல்காரர்களிடம் போய்க் கேட்டான். அங்கே மீன் நிச்சயமா? நிச்சயம் என்றார்கள். குடிக்கத் தண்ணீர்? ஊற்றே இருக்கிறது என்றார்கள். போகக் காற்று? வாடை கிளம்பட்டும், நேரே கொண்டுபோய் விடும் என்றார்கள். மூன்றையும் கேட்டுவிட்டோம் என்று துள்ளிக்கொண்டு வந்தான்.

"சரி, திரும்பி வர எந்தக் காத்து?" என்று கேட்டாள் நப்பாலை.

சேந்தன் சிரித்துவிட்டான். கரையோரத்திலேயே மீன் பிடித்து வளர்ந்தவன் அவன். விடியலில் தரைக்காற்று அவனைக் கடலுக்குள் கொண்டுபோகும், பிற்பகலில் கடற்காற்று கரை சேர்க்கும். ஒருநாளும் தவறியதில்லை. "காத்துன்னா காலைல போவும், மாலைல வரும். இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்றான். கூப்பிடு தூரத்தில்தான் கப்பல்காரர்கள் பாய் தைத்துக்கொண்டிருந்தார்கள். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பறக்கிறவனுக்குப் பொறுமை ஏது?

வாடை கிளம்பியது. கூட்டாளி பூதனை ஏற்றிக்கொண்டு சேந்தன் தீவுக்குப் போய்ச் சேர்ந்தான். சொன்னபடியே மீன், சொன்னபடியே ஊற்று. பிடித்ததைக் கருவாடாக்கிப் படகை நிரப்பிவிட்டு, பிற்பகல் காற்றுக்குக் காத்திருந்தான்.

அன்றும் வாடை. மறுநாளும் வாடை. அதற்கு மறுநாளும் வாடை. துடுப்புப் போட்டுப் பார்த்தார்கள், காற்று அவர்களைத் தீவுக்கே தள்ளிக்கொண்டு வந்தது. நடுக்கடலில் காற்று பொழுதுக்குத் திரும்பாது, பருவத்துக்குத்தான் திரும்பும் என்று அப்போதுதான் புரிந்தது. பாவம், மணலில் அங்குமிங்கும் நடந்தான். ஈர விரலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். "இந்நேரம் வலி எடுத்திருக்குமோ பூதா?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். நடுவில் பெய்த மழையில் கருவாடும் அழுகி, மறுபடி போட உப்பும் கரைந்துபோனது.

தென்காற்று எழுந்தபின் வெறும் படகோடு ஊர் வந்தான். வாசலில் நப்பாலை இடுப்பில் குழந்தையோடு நின்றாள். தாடியும் சடையுமாக வந்தவனைக் கண்டு குழந்தை வீரிட்டு அழுதது.

"நீ யாருன்னு அதுக்குத் தெரியல மச்சான்" என்றாள்.

ஓரிடத்தில் உட்காரத் தெரியாத சேந்தன் அந்த வாசலிலேயே உட்கார்ந்தான். குழந்தை தானாகக் கை நீட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆகவே மக்களே, போகும் வழியை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பும் வழியை விசாரிக்காமல் புறப்படுகிறவன், போன காரியத்தோடு கொடுத்த வாக்கையும் இழப்பான்.