கண்ணாடி மேல் விழுந்த பழி

ஒரு மலையடிவாரத்தில் சடையன் என்றொரு விவசாயி இருந்தான். அவனுடைய மரவள்ளித் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுவந்தன. இந்த விளைச்சலும் போனால் அடுத்த நடவுக்குக் குச்சிகூட மிஞ்சாது. பன்றிகள் இறங்குவது ஓடைக்கு அப்பால். கிட்டே போனால் ஓடிவிடும். தூரத்திலிருந்தே சுடுவதற்காகத் துப்பாக்கியின் மேல் ஒரு தூரக்கண்ணாடியை வாங்கி மாட்டினான்.

பக்கத்தில் வைத்த அட்டையில் தோட்டா கரும்புள்ளிக்குள்ளேயே பாய்ந்தது. பிறகு அட்டையை ஓடைக்கு அப்பால் நட்டான். தூரம் போனால் தோட்டா தாழும் என்று கண்ணாடியின் திருகையும் ஏற்றி வைத்தான். அப்படியும் ஒன்று இடப்பக்கம் போனது. அடுத்தது அட்டையிலேயே படவில்லை.

"கண்ணாடிதான் பொய் சொல்கிறது" என்றது துப்பாக்கிக் குழல். "நேற்று வந்தவன். யார் கண்டது!"

"இருப்பதைத்தான் காட்டுகிறேன். நீ எங்கே வளைந்திருக்கிறாயோ" என்றது கண்ணாடி.

"நானா? அவன் அப்பன் காலத்திலிருந்து நேராக நிற்கிறேன்!"

பையிலிருந்த தோட்டாக்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன.

"எனக்கு எல்லார் மேலும் சந்தேகம்தான்" என்றது சடையனின் தோள். "அதிலும் என்மேல் முட்டுக்கொடுத்து நிற்கும் இந்தத் துப்பாக்கி அடிக்கட்டை இருக்கிறானே, முதல் வெடியிலேயே என்னைக் கன்றிப்போக உதைத்தவன். இவனை நம்பிச் சும்மா இருக்க முடியுமா?"



சடையன் திருப்புளியை எடுத்தான். "இந்தக் கண்ணாடியக் கழட்டி ஓடையில வீசறேன் பாரு புள்ள."

"வீசுங்க மாமா. அப்புறம் பன்னிக்கு இலை போட்டுப் பரிமாறலாம்" என்றாள் அவன் மனைவி பாவாயி. அவள் இதுவரை அட்டையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருக்கா சுடுங்க. நானே தோட்டா போட்டுத் தரேன்."

திரும்பி நின்று துப்பாக்கியை மூடிக் கொடுத்தாள். உள்ளே அவள் எதையும் போடவில்லை.

சடையன் குறிபார்த்து விசையை அழுத்தினான். 'டிக்' என்றது. வெடியும் இல்லை, புகையும் இல்லை. ஆனாலும் தோள் வெடுக்கென்று பின்வாங்கியது. குழலின் வாய் ஒருபக்கமாகத் திரும்பிவிட்டது.

"இங்க விரக்கடை ஆடினா அங்க மொழம் போவாதா மாமா?" என்றாள் பாவாயி.

சடையன் திருப்புளியைக் கீழே வைத்தான். குழலும் கண்ணாடியும் தோளைப் பார்த்தன.

"அவன் உதைப்பானே என்று..." தோள் இழுத்தது.

அப்போதுதான் அடிக்கட்டை வாயைத் திறந்தது.

"இந்தத் தடவை நான் உதைக்கவே இல்லையே."