அடிக்கல் கிடந்த இடம்

சூசையம்மாள் சந்தையில் மீன் விற்றவர். அங்கே கழிப்பறை இல்லாததால், கடை போடும் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கழிப்பறை கட்டுவேன் என்ற ஒரே வாக்குறுதியுடன் சுயேச்சையாக நின்று, கீழமங்கலம் பேரூராட்சியில் கவுன்சிலரானார்.

முதல் கூட்டத்திலேயே அதைக் கேட்டார். தலைவர் குமரேசபாண்டியன் சிரித்தார்.

"ஏம்மா, இதென்ன மீன் வெட்டுற வேலையா? சந்தையில யாருக்கும் பயன்படாத இடம் ஒண்ணு இப்பவே காட்டு. காட்டிட்டா இன்னைக்கே தீர்மானம். இல்லேன்னா இந்தப் பேச்சையே இனி எடுக்கக் கூடாது."

"இருக்குங்க தலைவரே. சந்தை வாசல்ல வரவேற்பு வளைவு கட்டப்போறேன்னு நீங்க அடிக்கல் நாட்டின இடம். வருசக்கணக்கா ஆடுதான் படுத்துக் கிடக்கு."

மற்ற கவுன்சிலர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தலைவரின் முகம் சிவந்தது.

"என் பேர் பொறிச்ச கல்லைப் பிடுங்கிட்டுக் கழிப்பறையா?"

"ஐயையோ, அதைத் தூரப் போடுவமா? முன்சுவத்துலயே பதிச்சிடுவோம். இதுவரைக்கும் ஆடு மட்டும்தான் பாத்துச்சு. இனிமே தினமும் பொம்பளைங்க எல்லாரும் பாத்து உங்களை வாழ்த்துவாங்க."

எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கை விழுங்க முடியாமல், தலைவர் தீர்மானத்தில் கையெழுத்திட்டார். பொங்கலுக்குள் கழிப்பறை திறக்கப்பட்டது.

குமரேசபாண்டியன் நாட்டிய அடிக்கற்கள் ஊரில் பல உண்டு. கட்டி முடிந்தது அந்த ஒன்றுதான்.