பச்சோந்தி போட்ட தெரு

அந்தக் காலத்தில், ஊருக்கும் காட்டுக்கும் நடுவில் வேலி என்ற ஒன்று வராதபோது, மனிதர்களும் மிருகங்களும் ஊர்வனவும் ஒரே பேச்சுப் பேசி ஒரே தெருவில் குடியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று நொச்சிக்கரை. அங்கே தெருப் போடுகிற வேலை பச்சோந்தியுடையது. பாதை எங்கே வளைய வேண்டும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்றெல்லாம் அதுதான் சொல்லும். அப்போது அதற்கு ஒரே நிறம், இலைப் பச்சை. எங்கே போனாலும் ஓட்டமும் நடையுமாகத்தான் போகும்.

ஊரின் பெரிய தெரு ஆற்றுத்துறையில் தொடங்கிச் சந்தையில் முடிந்தது. புங்க மரங்களுக்கு ஒதுங்கி, புற்றுக்கு விலகி, கிணற்றடியில் அகன்று நெளிந்து கிடக்கும். குஞ்சுகளோடு கோழி கடந்தால் வண்டிமாடு நின்று வழிவிடும். சந்தைக்கு உப்பு சுமந்த குதிரைக்கு இது பிடிக்கவில்லை. ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகமென்று ஊர்த்தலைவி குருவம்மாளிடம் போய் முறையிட்டது. வண்டிமாடுகளும் சேர்ந்துகொண்டன. குருவம்மாள் பச்சோந்தியைக் கூப்பிட்டு, ஒரே ஓட்டமாகச் சந்தைக்குப் போகிற மாதிரி தெருவை மாற்றித் தரச் சொன்னாள்.

பச்சோந்திக்கு அதைவிட ஆசையான வேலை வாய்த்ததில்லை. மரங்களை வெட்டச் சொன்னது, புற்றை இடிக்கச் சொன்னது. கயிறு பிடித்து, ஒரு கோணல் இல்லாமல், வீட்டு வாசல்களை ஒட்டி அகலமாகத் தெருவை இழுத்துக்கொண்டு போனது.

வேலை முடிகிற சமயத்தில் நத்தை வந்து நின்றது. நத்தை பச்சோந்திக்குப் பக்கத்து வீடு. விடியற்காலையில் பனி காய்வதற்குள் எதிர்ப்பக்கத்துக் கீரைப்பாத்திக்குப் போய் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். சாயங்காலமானால் இரண்டும் ஒரே கல்லில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்.

"முந்தி புங்க மரத்தடியில கொஞ்சம் இளைப்பாறிட்டுப் போவேன். இப்ப நடுவுல நிக்க இடமே இல்லையே அண்ணே. நான் எப்படி அந்தப் பக்கம் போறது?" என்று கேட்டது நத்தை.

பச்சோந்தி கயிற்றிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "கொஞ்சம் வெரசாப் போயிரு," என்றது.

நத்தை சிரித்தது. வெரசு என்றால் என்னவென்று தன் குலத்தில் யாருக்குமே தெரியாதே என்று சொல்லிக்கொண்டே மெல்லத் திரும்பிப் போனது.

தெருவைத் திறந்த அன்று விடிந்ததும் ஊரே கூடியது. குதிரைக்கு மாலை போட்டார்கள். தெருவைப் போட்டவரே முதலில் வரட்டும் என்று குதிரை பச்சோந்தியைத் தன் கழுத்தில் ஏற்றிக்கொண்டு பாய்ந்தது. அந்த நாளில் பச்சோந்தியின் கண்கள் இரண்டும் முன்னால் மட்டும்தான் பார்க்கும். தூரத்தில் சந்தை தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. வழியில் ஓரிடத்தில் நெறுக்கென்று ஒரு சின்னச் சத்தம். என்னவென்று பச்சோந்தி கேட்டது. ஏதாவது உடைந்த பானையின் ஓட்டாஞ்சல்லியாக இருக்கும் என்றது குதிரை. சந்தையில் எல்லாரும் குலவையிட்டு அவர்களை இறக்கினார்கள்.

இந்தச் சந்தோஷத்தை நத்தையிடம் சொல்ல வேண்டும் என்று பச்சோந்தி வீட்டுக்கு ஓடியது. நத்தை வீட்டில் இல்லை. வாசலிலிருந்து வெள்ளிக்கோடு மாதிரி அதன் தடம் தெருவில் இறங்கியிருந்தது. பரவாயில்லையே, தைரியமாகக் கிளம்பிவிட்டானே என்று நினைத்துக்கொண்டு தடத்தின் பின்னாலேயே போனது. நடுத்தெருவில் தடம் நின்றுவிட்டது.

பச்சோந்திக்கு முதலில் புரியவில்லை. அந்தப் பக்கம் போய், தடம் எங்கே தொடர்கிறது என்று தேடியது. திரும்பி வந்தது. தடம் நின்ற இடத்தில் ஒரு குளம்படி பதிந்திருந்தது. அதற்குள் நொறுங்கிய ஓடும் கொஞ்சம் ஈரமும் இருந்தன.

காலையில் கேட்ட அந்தச் சத்தம் அப்போது மறுபடியும் அதன் காதில் கேட்டது.

பச்சோந்தியின் வால் நுனியிலிருந்து பச்சை வடிந்தது. உடம்பு வெளுத்தது, பிறகு சாம்பலாயிற்று, கடைசியில் தெருப்புழுதியின் நிறமாயிற்று. அழுகை வரவில்லை. ஓரத்துக்குப் போகக் காலைத் தூக்கியது. முன்னால் வைத்த கால் பின்னால் வந்தது. மறுபடி வைத்தது, மறுபடி வந்தது. ஆற்றுப் பக்கமிருந்து வண்டி வரும் சத்தம் கேட்டு ஒரு கண் அங்கே திரும்பியது. சந்தைப் பக்கமிருந்து குதிரை வந்தது. இன்னொரு கண் அங்கே போய் நின்றது. இரண்டும் சேரவே இல்லை.

விலகச் சொல்லிக் குதிரை கத்தியது. பச்சோந்தி நகரவில்லை. கூட்டம் கூடியது. குருவம்மாளும் வந்தாள்.

"மெதுவாப் போறவங்க வீட்டோட இருக்கட்டும் தாயி. அவங்களுக்குத் தெரு எதுக்கு?" என்றது குதிரை.

பச்சோந்தி மெல்லச் சொன்னது: "ஓட்டாஞ்சல்லின்னு சொன்னியே, அது நம்ம நத்தை."

குதிரை குனிந்து பார்த்தது. ஒரு காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு அதைத் தரையில் வைக்கத் தெரியாமல் நின்றது.

பிரிந்து போன கண்களால் பச்சோந்தி அப்போதுதான் தெருவின் இரண்டு ஓரங்களையும் பார்த்தது. கதவிடுக்குகளில் முகங்கள். குஞ்சுகளை அடைத்து வைத்திருந்த கோழி. சினையாடு. ஆமை. வேலை தொடங்கிய நாளிலிருந்து இவர்களில் ஒருவரைக்கூடத் தெருவில் பார்க்கவில்லை என்பது உறைத்தது. தெரு சுத்தமாக இருக்கிறதென்று அல்லவா அது மகிழ்ந்திருந்தது.

ஒரு வீட்டு வாசல் நிலையைப் பிடித்தபடி குருவம்மாளின் அக்கா பேச்சி நின்றிருந்தாள். அவளுக்கு ஒரு கால் சூம்பியது. இத்தனை நாளும் அவள் தன்மேல் கோபித்துக்கொண்டுதான் வருவதில்லை என்று குருவம்மாள் நினைத்திருந்தாள்.

"ஏன்க்கா வீட்டுப் பக்கமே வரல?"

"என் வாசல் வரைக்கும் தினமும் வாரேன் தாயி. அதுக்கு மேல கால் இறங்க மாட்டேங்குது."

குருவம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். தெருவைத் தோண்டுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

தானே திரும்பப் போடுவதாகச் சொன்ன பச்சோந்தி, கயிறு வேண்டாம் என்றுவிட்டது. நத்தை நடக்கிற நடையில் தெரு முழுக்க நடந்தே அளந்தது. நடுவில், குளம்புக்கும் சக்கரத்துக்கும் தேவையான அளவு இடம் விட்டது. இரண்டு பக்கமும் நடப்பவர்களுக்கு மேடான பாதை. அதற்கும் அப்பால் ஊர்கிறவர்களுக்கு ஈர மண், மேலே நிழலுக்குப் புங்கங்கன்று. ஆட்கள் கடக்கிற இடங்களில் தெருவைக் குறுக்கி மண்ணை மேடாக்கியது. வேகமாக வருகிறவர்கள் அங்கே வேகம் குறைத்துத்தான் ஆக வேண்டும். அந்த மண்ணையெல்லாம் சுமந்தது குதிரைதான்.

தெரு வேலை முடிந்ததும் பேச்சி சந்தைக்கு நடந்து போனாள். அன்று பச்சோந்தியை யாரும் தெருவில் காணவில்லை. அது ஒரு மரத்தில் ஏறியிருந்தது. குருவம்மாள் அடியில் நின்று கூப்பிட்டாள்.

"எங்க கால் வைக்கிறதுன்னு தெரியல தாயி," என்றது பச்சோந்தி. இறங்கி வரவில்லை.

அன்று முதல்தான் பச்சோந்தி மரத்திலேயே குடியிருக்கிறது. வைக்கப் போகும் காலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, இரண்டு கண்ணையும் இரண்டு பக்கம் ஓட்டி, சின்ன அதிர்ச்சிக்கும் நிறம் மாறி, ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கிறது.