இரண்டு மாவு ஒட்டிய இடம்

சிறுமலை அடிவாரத்து மடம் ஒன்றில் சாமி உபதேசம் செய்கிற இடம் சமையலறை. ஏன் என்று கேட்டால், "இங்கேதான் ஒருத்தரும் தூங்குவதில்லை" என்பார்.

அவருடைய சீடர் அருணகிரிக்குச் சாமியைவிட நான்கு வயது அதிகம். முப்பது வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டிவிட்டு மடத்துக்கு வந்தவர். சாமி அவரை "டிரைவரே" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை அருணகிரி மைதா மாவைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"சாமி, மத்தியானம் என் மகன் வரான். நாங்க பேசி ஒன்பது வருஷம் ஆச்சு. சமையல் படிக்கப் போறேன்னு நின்னான். கரண்டி பிடிக்கிறவன் என் வாசல்ல நிக்காதேன்னுட்டேன். இத்தாலிக்குப் போயிட்டான். இப்ப ஒரு வேளை சாப்பிட மட்டும் வரேன்னு சொல்லியிருக்கான். என்ன பேசினா அவன் மனசு இளகும்?"

"என்ன சமைக்கிறீர்?"

"அவன் அங்கே சமைக்கிறதுதான். ரவியோலின்னு பேரு. மாவை மெல்லிசாத் தேய்ச்சு, கீரையும் பன்னீரும் பூரணமா வெச்சு, மேலே இன்னொரு மாவைப் போட்டு ஓரத்தை ஒட்டணும். அப்புறம் தண்ணியில வேக வைக்கணும். போன்ல பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"குட்டித் தலையணை மாதிரி இருக்கு. போடும், பார்ப்போம்."

பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று குதித்தது. அருணகிரி செய்து வைத்திருந்த இருபதையும் ஒரே வீச்சில் கொட்டினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அத்தனையும் வாய் பிளந்தன. தண்ணீர் பச்சையானது.

சாமி எட்டிப் பார்த்தார். "கீரை ரசம் நன்றாக வந்திருக்கிறது."

"அழுத்தித்தானே ஒட்டினேன் சாமி?"

"ஒட்டினதில் குற்றமில்லை. இவ்வளவு நீராவி எதற்கு? இது மதுரை வரைக்கும் போகணுமா?"

"நல்லாக் கொதிச்சாத்தானே வேகும்?"

சாமி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரிந்த சமையல்காரர் ஒருவர் இப்படித்தான் கொதிக்க விட்டார். நானூறு கொழுக்கட்டையும் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டன. பக்கத்து ஊரில் மூன்று நாள் ஒருத்தரும் அடுப்பு மூட்டவில்லை. அண்ணாந்து வாயைத் திறந்தபடி நின்றார்கள்."

"நிஜமாவா?"

"நானும் நின்றேன். எனக்கு இரண்டுதான் கிடைத்தது."

அருணகிரி சிரிக்கவில்லை. வேறு தண்ணீர் வைத்தார். அது கொதித்ததும் சாமி எழுந்துபோய் அடுப்பைத் தணித்தார். குதித்த தண்ணீர் அடங்கி, அங்கங்கே லேசாக அசைந்தது.

"இதுல எப்ப வேகும் சாமி?"

"உமக்கு எங்கே போகணும்?"

மிச்ச மாவில் செய்தவற்றை இரண்டாம் தடவை ஒவ்வொன்றாக நழுவ விட்டார். அடியில் போய்ப் படுத்தவை, கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாய் மேலே வந்தன. ஒன்றுகூட உடையவில்லை. முகமெல்லாம் பல்லாக, அரிகரண்டியை எடுத்தார்.

"ஓரம் வேகல."

குரல் வாசற்படியிலிருந்து வந்தது. தோளில் பையோடு மகன் சிவநேசன். முந்தின பேருந்திலேயே வந்துவிட்டான் போலிருக்கிறது. உள்ளே வந்தான். கரண்டியை வாங்கி ஒன்றைத் தூக்கி, அதன் ஓரத்தை மட்டும் விரலால் கிள்ளிப் பார்த்தான்.

"வேகல."

"மிதக்குதே! மிதந்தா வெந்தாச்சுன்னுதான் அர்த்தம்!"

பழைய குரல். அருணகிரியின் கை அடுப்புத் திருகுக்குப் போனது, தீயை முழுசாகத் திறந்துவிட. சாமி அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

கை அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

"இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?"

சிவநேசன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அந்த மனிதர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"ரெண்டு நிமிஷம்" என்றான். "பூரணம் இருக்கிற இடத்துல மாவு ஒத்தை. சீக்கிரம் வெந்துடும். ஓரத்துல ரெண்டு மாவு ஒட்டியிருக்கு. அந்த இடம் கடைசியாத்தான் வேகும்."

பையை இறக்கி வைத்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றான். இந்தப் பக்கம் அப்பா. இரண்டு பேரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அருணகிரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெல்லச் சாமியின் காதருகே குனிந்தார்.

"சாமி, இப்பவே மன்னிப்புக் கேட்டுடட்டுமா?"

"அவன்தான் ரெண்டு நிமிஷம்னு சொன்னானே, டிரைவரே."