ஈரம் காயாத நூறு வருஷம்

பழைய கொலு பொம்மைகளுக்குப் புதுச் சாயம் பூசி, "நூறு வருஷமா யார் கையும் படாதது" என்று விற்பவர் அருணகிரி. பூசுகிறவள் செல்லக்கண்ணு. "ஆள் வந்தா நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா வேலை போச்சு" என்று மிரட்டி வைத்திருந்தார்.

மரகதவல்லி அம்மாள் வந்து ஒரு கிருஷ்ணனை ஆசையாகத் தூக்கினார். "காணாமப் போன எங்க வீட்டுக் கிருஷ்ணன் மாதிரியே இருக்கு. ஆனா அவன் கன்னத்துல தழும்பு இருக்கும். சின்ன வயசுல நான் மத்தாப்பால சுட்டுட்டு, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்."

செல்லக்கண்ணு பேசாமல் மண்ணெண்ணெய்த் துணியை நீட்டினாள்.

"எதுக்கும்மா?" என்றவர் தன் விரல்களைப் பார்த்தார். எல்லாம் நீலம். சட்டென்று பொம்மையின் கன்னத்தைத் துடைத்தார். கறுப்பாய்த் தெரிந்தது அந்தத் தழும்பு.

"அடப்பாவி, நீயா!" என்று கிருஷ்ணனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அருணகிரி பல்லைக் கடித்தார்.

"நான் வாயே திறக்கலை முதலாளி," என்றாள் செல்லக்கண்ணு. "அவங்களைப் பார்த்ததும் கிருஷ்ணன்தான் கையில ஒட்டிக்கிட்டாரு."